'இலவச' மருத்துவத்துக்கு நான் கட்டிய 10,846 பவுண்ட்

கேள்வி: யூகேவில் மருத்துவம் முழுக்க இலவசமாமே? அங்கே கட்டும் வரிக்கு அது ஈடாகுமா?

கேட்டவர் அநேகமாகக் கையில் ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு, மனைவி குழந்தையோடு கிளம்பலாமா வேண்டாமா என்று கணக்குப் போடுகிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். 2021இல் திருச்சியில் நானும் எக்செல் ஷீட்டோடு அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். 'மருத்துவச் செலவு' என்ற இடத்தில் பூஜ்யம் போட்டேன். அந்தப் பூஜ்யம் ஞாபகம் வந்ததால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

விசாவுக்குப் பணம் கட்டும்போதுதான் ஹெல்த் சர்சார்ஜ் என்று, மருத்துவத்துக்காக விசாவோடு சேர்த்து வாங்கும் கூடுதல் கட்டணம் ஒன்று இருப்பது தெரிந்தது. 2015இல் ஆண்டுக்கு 200 பவுண்டாக ஆரம்பித்த சமாசாரம். நான் வந்தபோது பெரியவர்களுக்கு 624, குழந்தைக்கு 470. அதுவும் மூன்று வருடத்துக்கு மொத்தமாக, முன்கூட்டியே. நான், மனைவி, மகள் சேர்த்து 5,154 பவுண்ட். 2024 பிப்ரவரியில் அதை 1,035 ஆகவும் குழந்தைக்கு 776 ஆகவும் ஏற்றினார்கள். அந்த வருடம் விசாவை இரண்டு வருடம் நீட்டித்தபோது இன்னொரு 5,692. தலைப்பில் இருக்கும் தொகை இப்படி வந்ததுதான். கம்பெனி ஒரு பைசா தரவில்லை. (மருத்துவமனை வேலைக்கு வருகிறவர்களுக்கு விலக்கு உண்டு. கோவிட் சமயத்தில் ஊரே வாசலில் நின்று அவர்களுக்குக் கைதட்டியது. தட்டிய கையோடு அவர்களிடமே சர்சார்ஜும் வாங்குகிறீர்களே என்று சத்தம் கிளம்பிய பிறகுதான் 2020இல் அந்த விலக்கைக் கொடுத்தார்கள்.)

இது போக, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கட்டும் அதே வருமான வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் என் சம்பளத்திலும் பிடிக்கிறார்கள். இன்சூரன்ஸ் என்ற பெயரைப் பார்த்து அதுதான் மருத்துவக் காப்பீடு என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் பென்ஷனுக்குப் போகிற பணம் அது. என்எச்எஸ், அதாவது இங்கத்திய அரசு மருத்துவ சேவை, முக்கியமாகப் பொது வரியில்தான் ஓடுகிறது. ஆக ஒரே ஆஸ்பத்திரிக்கு நான் இரண்டு வாசலில் டிக்கெட் வாங்கினேன்.

சரி, இவ்வளவு கட்டியாயிற்று, அனுபவிக்கலாம் என்றால் வந்தது பல்வலி.

2023 டிசம்பர். கீழ்க் கடைவாய்ப் பல். இரவு கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொண்டு, காலை எட்டரைக்கு போனை எடுத்தேன். எங்கள் ஏரியாவில் பதினோரு பல் கிளினிக். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பாட்டு, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்", மறுபடியும் பாட்டு. கடைசியில் ஒரு பெண் எடுத்து, "இப்போதைக்கு என்எச்எஸ் பேஷன்ட் எடுக்கறதில்லை, லவ்" என்பார். அந்த 'லவ்' இருக்கிறதே, வலி நேரத்தில் அதைக் கேட்டால்தான் தெரியும். ஏழாவது கிளினிக்கில், "பிரைவேட்டாக வந்தால் நாளைக்கே நேரம் இருக்கு" என்றார்கள். அதே டாக்டர், அதே நாற்காலி. ரூட் கெனாலுக்கு 850 பவுண்ட், கேப் தனி.

என்எச்எஸ்ஸின் மருத்துவ ஆலோசனை எண்ணான 111க்கு அழைத்தேன். பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்வரை வலது பக்கத்திலேயே மென்றேன். திருச்சி தில்லைநகரில் மூன்று சிட்டிங், கேப்போடு சேர்த்து 9,000 ரூபாய். "லண்டன்ல பல் டாக்டரே கிடையாதா தம்பி?" என்று டாக்டரம்மா சிரித்தார். வாய் திறந்திருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.

இங்கே என்எச்எஸ் பல் டாக்டர் கிடைத்தாலுமே இலவசம் இல்லை. 2025 ஏப்ரல் கணக்குப்படி ரூட் கெனால், பல் அடைப்பது எல்லாம் 75.30 பவுண்ட், கேப், பல்செட் என்றால் 326.70. மருந்துச் சீட்டில் ஒரு மருந்துக்கு 9.90. அதுவும் இங்கிலாந்தில் மட்டும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. 1948 ஜூலை 5இல் என்எச்எஸ்ஸைத் தொடங்கியவர் அன்றைய சுகாதார அமைச்சர் அனைரின் பெவன். மூன்றே வருடத்தில், பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் போடப்போகிறார்கள் என்று அவர் சொந்தக் கட்சியின் அமைச்சரவையிலிருந்தே ராஜினாமா செய்துவிட்டுப் போனார். எழுபது வருடத்துக்கு முந்தைய சண்டையே பல்லில்தான். என் பல்லுக்காக ராஜினாமா செய்யத்தான் இப்போது ஆள் இல்லை.

இனி வரும் கமெண்ட்டுகள் எனக்குத் தெரியும். "அமெரிக்காவில் போய்ப் பார், வீட்டை விற்கணும்." "பிடிக்கலைன்னா கிளம்பு." ஐயா, நான் பிறந்ததே அரசு ஆஸ்பத்திரியில். பொது மருத்துவம் வேண்டாம் என்று சொல்லும் ஜாதி இல்லை நான். மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்த இரவு ஆம்புலன்ஸ் வந்தது, கூடவே ஒரு கரடி பொம்மையும் வந்தது. எமர்ஜென்சியில் ஏழு மணி நேரம் உட்கார்ந்தோம். நான்கு மணி நேரத்துக்குள் 95 சதவீதம் பேரைப் பார்த்து முடிக்கணும் என்பது இலக்கு. இங்கிலாந்தில் 2015க்குப் பிறகு ஒரு மாதம்கூட அது நிறைவேறவில்லை. ஆனால் விடியற்காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, பணம் கட்டும் கவுன்டர் எங்கே என்று பழக்கதோஷத்தில் தேடினேன். கவுன்டரே கிடையாது. அதை நான் மறக்க மாட்டேன்.

என் ஆத்திரம் வேறு. என்எச்எஸ் பற்றி இங்கே யாரும் கணக்குக் கேட்கக் கூடாதாம். ஆங்கிலேயர்களுக்கு மதம் என்று சொல்லத்தக்கதாக மிச்சம் இருப்பது என்எச்எஸ்தான் என்று முன்னாள் நிதி அமைச்சர் நைஜல் லாசன் ஒருமுறை சொல்லியிருக்கிறார். நிஜமான மதத்தின் நிலைமையைப் பாருங்கள்: 2021 சென்சஸில் இங்கிலாந்து, வேல்ஸில் தன்னைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 46.2 சதவீதம், மதமில்லை என்றவர்கள் 37.2. ஆனாலும் 26 பிஷப்புகள் பார்லிமென்ட் மேலவையில் உட்கார்ந்து சட்டத்துக்கு ஓட்டுப் போடுகிறார்கள். 2025 அக்டோபரில் இங்கிலாந்து திருச்சபையின் தலைமை குருவான கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பாக சாரா முல்லல்லியை அறிவித்தார்கள். அந்தப் பதவிக்கு வரும் முதல் பெண். அவர் முன்பு இங்கிலாந்தின் தலைமை நர்ஸ். இரண்டு மதத்துக்கும் ஒரே குருவா என்று மனைவியிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உண்மையான கோயிலிடம் அரசாங்கம் தயவு காட்டுவதில்லை என்பதையும் சொல்லணும். வேல்ஸில் ஸ்கந்தவேல் என்ற முருகன் கோயிலுக்கு நம் ஆட்கள் வேன் பிடித்துப் போவார்கள். இலங்கையிலிருந்து வந்த ஒருவர் நிறுவியது. 2007இல் அங்கிருந்த ஷம்போ என்ற காளைக்கு டிபி பரிசோதனையில் பாசிட்டிவ். கொல்ல உத்தரவு வந்தது. ஹைகோர்ட்டில் கோயில் ஜெயித்தது, அப்பீலில் தோற்றது, ஜூலையில் காளையைக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு வருத்தம்தான், ஆனால் பொதுச் சுகாதாரம் என்றால் அப்படித்தான் இருக்கணும் என்றும் தோன்றியது. அந்தக் கறார் என்எச்எஸ் என்ற இந்த இன்னொரு கோயிலின் வரவுசெலவு பக்கம் மட்டும் ஏன் எட்டிப் பார்ப்பதில்லை?

2024 தேர்தலுக்கு முன் எங்கள் ஏரியாக் கோயிலுக்கு ஒரு வேட்பாளர் வந்தார். (இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே ஓட்டு உண்டு, காமன்வெல்த் புண்ணியம்.) கழுத்தில் மாலை, நெற்றியில் விபூதி, கையில் பேப்பர் தட்டில் சர்க்கரைப் பொங்கல். நான் சர்சார்ஜ் பற்றிக் கேட்டேன். முந்திரியைத் தேடிக்கொண்டே, "என் அம்மா நர்ஸாக இருந்தவர், என்எச்எஸ் நம் எல்லாருடைய பெருமை" என்றார். நான் பல்லைப் பற்றிக் கேட்டேன். "இந்தப் பொங்கல் பிரமாதம்" என்றார்.

வரி ஈடாகுமா என்பதற்கு வருகிறேன். வருமான வரி விகிதத்தை ஏற்ற மாட்டோம் என்று எல்லாரும் சத்தியம் செய்வார்கள், ஏற்றவும் மாட்டார்கள். வரியில்லாத வரம்பு 12,570 பவுண்ட். 2021இல் ரிஷி சுனக் நிதி அமைச்சராக இருந்தபோது அதை அப்படியே நிறுத்தினார். பின்னால் நிதி அமைச்சரான ஜெரமி ஹன்ட் 2028 வரை இழுத்தார். ஆட்சி மாறியது, 2025 நவம்பரில் அப்போதைய நிதி அமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 2031 வரை இழுத்தார். அரிசி விலை ஏறுகிறது, சம்பளம் கொஞ்சம் ஏறுகிறது, ஏறிய பகுதிக்கெல்லாம் வரி. விகிதம் மட்டும் ஏறவில்லை, சத்தியம் பலித்துவிட்டது.

ஈடா என்றால், பெரிய நோய்க்கும் பிரசவத்துக்கும் ஈடு, சந்தேகமே இல்லை. பல், கண், முழங்கால் வலி என்றால் இல்லை.

ஆஃபர் நல்ல ஆஃபர் என்றால் வாங்க, நான் தடுக்கவில்லை. சர்சார்ஜைக் கம்பெனி கட்டுமா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள், பின்னால் கேட்டால் சிரிப்பார்கள். பல்லை முழுக்கப் பார்த்து முடித்துவிட்டு ஃப்ளைட் ஏறுங்கள். கண்ணாடி இரண்டு ஜோடி. குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வையுங்கள், ஜிபியிடம் (ஏரியா குடும்ப டாக்டர்) பதியும்போது கேட்டார்கள், என்னுடையது திருச்சி பீரோவில் இருந்தது.