ஐப்பசியில் உலக முடிவுச் சுற்று: யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

தீபாவளி விடுமுறைக்கு இலங்கை மலையகத்தின் ஹோர்டன் சமவெளிக்குப் புறப்படுபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. அங்கே, உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பைத் தொட்டுத் திரும்பும் சுமார் 9 கிலோமீற்றர் சுற்றுப் பாதையை நான் பதினொரு தடவை நடந்திருக்கிறேன். அவற்றில் ஏழு தடவை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் போனவை. ஆகவே அந்த மாதங்களின் வானத்தோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

கொக்குவில் மாணவி: அண்ணா, நாங்கள் எட்டுப் பேர். இரவில் வாகனத்தில் புறப்பட்டு நேரே சமவெளி வாசலுக்குப் போய், காலையிலேயே நடக்கத் தொடங்கினால் என்ன?

வேண்டாம் தங்கச்சி. எங்கள் முதல் பயணம் அப்படித்தான் கெட்டது. கண்டி வரை ஏ9 வீதியில் 320 கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 77, பிறகு சமவெளிக்கு இன்னும் 32. கடைசி நூறு கிலோமீற்றரும் வளைவுகள். தூக்கமில்லாத சாரதியை அந்த வளைவுகளில் ஓட்ட வைப்பது பிழை. நாங்கள் வாசலை அடைந்தபோது மணி ஒன்பதரை. உலக முடிவில் நின்றபோது பதினொன்று. எதிரே வெள்ளைச் சுவர் மட்டும்தான் தெரிந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தும் அது விலகவில்லை.

ஒரு நாள் முந்திப் போங்கள். நுவரெலியாவிலோ பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ தங்கி, காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது அங்கே நில்லுங்கள். ரயிலில் போவதானால் பொல்காவலையில் இறங்கி பதுளை ரயிலுக்கு மாற வேண்டும். மழைக்காலத்தில் மலைப்பாதை தடைப்படுவதுண்டு. முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நல்லூர் ஆசிரியர்: காலை ஏழு மணிக்குத் தெளிவாக இருக்கும் இடம் பத்து மணிக்குள் எப்படி மறைந்துவிடுகிறது?

நல்ல கேள்வி ஐயா. பயணத் திட்டம் முழுவதும் இதில்தான் தங்கியிருக்கிறது. சமவெளி 2,100 மீற்றருக்கு மேல் கிடக்கிறது. அதன் தெற்கு விளிம்பு உலக முடிவில் ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக அறுந்து விழுகிறது. இரவில் குளிர்ந்து கனத்த காற்று கீழே பள்ளத்தாக்கில் இறங்கிப் படுத்துக்கொள்ளும். விடிந்ததும் வெயில் சரிவைச் சூடாக்க, ஈரக் காற்று பாறைச் சுவரைத் தழுவி மேலே ஏறும். ஏற ஏற விரியும், விரிய விரியக் குளிரும், விளிம்பை எட்டும்போது நீராவி முகிலாகிவிடும். முகில் வேறெங்கிருந்தோ வந்து மூடுவதில்லை. உங்கள் காலடியிலேயே பிறக்கிறது.

ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். நிலையான பெருங்காற்று இல்லாததால் இந்த உள்ளூர் ஏற்றம் வலுப்பெறுகிறது. காலை நீலம், முற்பகல் வெள்ளை, பிற்பகல் கறுப்பு, அதன் பின் இடி. ஒரே நாளில் நான்கையும் பார்த்திருக்கிறேன்.

அதே ஆசிரியர்: அப்படியானால் சுற்றை எந்தப் பக்கமாகத் தொடங்குவது?

வாசலைக் கடந்து கொஞ்சத் தூரத்தில் பாதை பிரியும். இடப்பக்கம் போங்கள். முதலில் சிறிய உலக முடிவு, பிறகு பெரியது, திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. ஆறு மணிக்கு உள்ளே போனால் ஏழரைக்குள் பெரிய விளிம்பில் நிற்கலாம். நீர்வீழ்ச்சிக்கு எந்த நேரமும் ஒன்றுதான், விளிம்புக்கு அப்படியில்லை.

பருத்தித்துறை, ஓய்வுபெற்ற தபால் ஊழியர்: வயது 66. முழங்கால் நோகும். எனக்கு முடியுமா?

ஐயா, ஏற்றம் பெரிதாக இல்லை. கற்களும் சேறும்தான் வருத்தும். மிகக் கடினமானது பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் ஈரப்படி. சிறிய உலக முடிவு வரை போய், வந்த வழியே திரும்பினாலே அந்தச் சமவெளியின் அழகில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஊன்றுகோல் ஒன்று கொண்டுபோங்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் நம் ஊரில் உள்ளதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குதான். முதல் அரை மணி நேரம் மூச்சு வாங்கினால் பயப்படாமல் மெல்ல நடவுங்கள். நெஞ்சு நோ இருந்தவராயின் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

சாவகச்சேரித் தாய்: எட்டு வயது, பதினொரு வயதுப் பிள்ளைகள். என்ன உடுப்பு எடுக்க வேண்டும்? குளிர் அவ்வளவு இருக்குமா?

அக்கா, குளிரைவிட ஈரத்தையே எண்ணிப் பாருங்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரைப் பாகை குறையும். யாழ்ப்பாணத்தில் 28 என்றால் அங்கே பகலில் 14, 15. அதிகாலையில் இன்னும் குறைவு. உலர்ந்த உடலுக்கு அது சுகம். நனைந்த உடலில் காற்றும் பட்டால் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கிவிடுவார்கள். பருத்தி உடுப்பும் டெனிமும் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், காயாது. கம்பளி அல்லது பொலியெஸ்டர் மேற்சட்டை, முழங்காலுக்குக் கீழ் வரும் மழைக்கோட்டு, தொப்பி, மாற்றுக் காலுறை இரண்டு சோடி. குடை வேண்டாம், காற்று பிடுங்கிவிடும். நல்ல பிடிப்புள்ள சப்பாத்து கட்டாயம், செருப்பு கூடவே கூடாது.

பிள்ளை பேசுவதைக் குறைத்து, கால் இடறி, ஏதோ ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, அணைத்து வைத்து, சூடான இனிப்புத் தேநீர் கொடுத்து உடனே திரும்புங்கள். சுற்றை முடிப்பது அன்றைய வேலையல்ல.

சுன்னாகம் இளைஞர்: இடி இடித்தால் எங்கே ஒதுங்குவது?

பாதையின் பல இடங்கள் திறந்த புல்வெளி. அங்கே உயர்ந்த பொருள் நீங்கள்தான். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது விநாடிக்குள் முழக்கம் வந்துவிட்டால் புல்வெளியில் ஏறாதீர்கள். தனி மரத்தடியில் நிற்காதீர்கள். விளிம்பை விட்டு விலகி, தாழ்ந்த, மரங்கள் அடர்ந்த பகுதிக்குள் போங்கள். ஒருவருக்கொருவர் பல மீற்றர் தள்ளிக் குந்தியிருங்கள். கடைசி முழக்கம் கேட்டு அரை மணி நேரம் கழியட்டும். ஆனால் இதற்கு உண்மையான மருந்து, மதியத்துக்கு முன் வாகனத்துக்குத் திரும்பிவிடுவதுதான்.

ரொறன்ரோவிலிருந்து ஊர் வந்திருப்பவர்: எங்கள் இலையுதிர் கால மலைகளைப் போல நிறங்கள் இருக்குமா?

இலை உதிராது. அது என்றும் பசுமையான முகில்காடு. ஆனால் கீன மரத்தின் குடை போன்ற தலைகளைப் பாருங்கள். அந்தக் காட்டில் பல மரங்களின் இளந்தளிர்கள் சிவப்பு. உங்கள் ஊரில் முதிர்ந்த இலை சிவக்கிறது, இங்கே பிறந்த இலை சிவந்திருக்கிறது. மழை ஓய்ந்து பத்து நிமிட வெயில் அடிக்கும்போது அதைப் பார்க்க வேண்டும்.

மானிப்பாய், வீட்டுத் தலைவி: சாப்பாடு?

வாழையிலையில் கட்டிய புட்டு, கச்சான், பனங்கட்டி, சுடுநீர்ப் போத்தலில் தேநீர். வாசலில் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். துணிப் பையிலும் எவர்சில்வர் டப்பாவிலும் கொண்டுபோங்கள். மரைகள் வாகனத் தரிப்பிடம் வரை பழகி வரும். தயவுசெய்து எதையும் கொடுக்காதீர்கள். மனிதர் வீசும் பொலித்தீன் அவற்றின் வயிற்றில் அடைத்துக்கொள்கிறது.

கரவெட்டி: போன வருடப் புயலுக்குப் பிறகு வீட்டில் பயப்படுகிறார்கள்.

பயம் நியாயமானது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு வந்த மழை மலையகத்தில் எத்தனை வீடுகளை மண்ணுக்குள் கொண்டுபோனது என்பதை மறக்க முடியாது. புறப்படுவதற்கு முன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் எதிர்வுகூறலையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். நுவரெலியா அல்லது பதுளை மாவட்டத்துக்கு செம்மஞ்சளோ சிவப்போ இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மஞ்சள் என்றால் காலையில் மீண்டும் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990. சமவெளியில் பல இடங்களில் கைத்தொலைபேசி எடுபடாது; எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

மீண்டும் கொக்குவில் மாணவி: எல்லாம் சரியாகச் செய்தும் முகில் மூடிவிட்டால்?

விளிம்பிலிருந்து நாலைந்து அடி தள்ளி உட்கார்ந்து அரை மணி நேரம் காத்திருங்கள். சில வேளை ஒரு கணம் கிழியும். கீழே தேயிலையும் ஊரும் தெரிந்து மறையும். படம் எடுக்கப் பின்பக்கமாக நடக்காதீர்கள். முகிலுக்குள் பாறை எங்கே முடிகிறது என்று கண் சொல்லாது.

கிழியாவிட்டால் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு நடவுங்கள். மழை நாளில்தான் அது முழு உருவத்தில் இருக்கும். அங்கே விழுவது பெலிகுல் ஓயாவின் நீர்; அது வளவை ஆற்றில் சேர்ந்து அம்பலாந்தோட்டையில் கடலுக்குப் போகிறது. அதே சமவெளியின் ஈரம் மகாவலிக்கும் களனிக்கும் கூடப் பிரிகிறது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றையும் கிணற்று நீரையும் பார்த்து வளர்ந்த எனக்கு, மூன்று பேராறுகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் அந்தச் சேற்றில் கால் வைத்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. அன்றும் உலக முடிவு தெரியவில்லை.