மகள் தயிர்சாதம் தவிர எதையும் தொடுவதில்லை: பதில்

வணக்கம். மூன்றரை வயது மகள் தயிர்சாதம் தவிர எதையும் தொடுவதில்லை, பாகற்காயைக் கண்டாலே தட்டைத் தள்ளுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். ஏறத்தாழ இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை பழக்கமில்லாத உணவை அஞ்சி விலக்குவது குழந்தைகளுக்கு இயல்பு. வீட்டுப் பெரியவர்கள் என்ன சொன்னாலும், அது உங்கள் வளர்ப்பின் குறையன்று. கசப்பை உணரும் திறனும் ஆளுக்கு ஆள் மாறும்: 1931இல் வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ், தமக்குச் சுவையே தெரியாத ஒரு தூள் உடன் பணிபுரிந்தவருக்குக் கசந்ததைக் கண்டார், அவ்வேறுபாடு பெரும்பாலும் மரபணு வழி வருவது. ஆகவே பாகற்காயை இப்போதைக்கு விட்டுவிட்டு, தயிர்சாதத்தின் ஓரத்தில் வெந்த கேரட் ஒரு துண்டை மட்டும் வைத்து, தின்னச் சொல்லி வற்புறுத்தாமல், நீங்களும் அதையே உண்ணுங்கள். பத்துப் பதினைந்து முறை கண்ட பிறகே சில குழந்தைகள் வாயில் வைக்கும். எடை கூடாவிட்டாலோ, அடிக்கடி புரையேறினாலோ குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.