பூச்சிமருந்தால் வந்த சாவு என்று எப்படி உறுதிசெய்கிறார்கள்?

வாடையை வைத்தே சொல்லிவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. பிரேதப் பரிசோதனையில் வயிற்றைத் திறந்ததும் அடிக்கும் மண்ணெண்ணெய் வாடை பெரும்பாலும் மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் திரவத்தினுடையது, சந்தேகப்படத்தான் உதவும். அதனால் இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளை உப்புக் கரைசலில் போட்டு (அந்தக் கரைசலிலும் கொஞ்சம் தனியாக, அதில் விஷம் இல்லை என்று காட்ட) ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சென்னையில் இப்படி ஒரு ஆய்வகம் 1849இலேயே வந்துவிட்டது. என்ன மருந்து என்பது, கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபி சோதனையில் தெரியும். ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி குறைந்திருந்தால் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து மீது சந்தேகம் வலுக்கும், ஆனால் கார்பமேட் என்ற இன்னொரு வகை அந்த நொதியை முடக்கினாலும் சீக்கிரம் விட்டுவிடுவதால் அளவு ஏமாற்றலாம். அப்புறம், பல நாள் சிகிச்சைக்குப் பின் இறந்தவர் உடலில் ஒன்றுமே சிக்காமல் போகலாம். அதற்காக விஷமே இல்லை என்று ஆகிவிடாது. மருத்துவமனையில் சேர்த்த அன்று எடுத்த ரத்தமும் கேஸ் ஷீட்டும்தான் அப்போது கைகொடுக்கும்.