போர்டைப் பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறங்கள்

வீட்டுக் கம்ப்யூட்டர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஜவுளிக் கடைக் கணக்கு ஓடுவது நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 4460, எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில். ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் டாலி திறந்திருக்காது. முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: உண்டு. அடுத்த முறை மெஷின் திணறும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். அநேகமாக டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும். ப்ராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கும். ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொரு சின்ன ஃபைலையும் எடுக்கத் தட்டு சுற்ற வேண்டும், முள் நகர வேண்டும். 4 ஜிபி ரேம் நிரம்பியதும் மிச்சத்தையும் விண்டோஸ் அதே டிஸ்க்கில்தான் எழுதிப் படிக்கிறது. அப்புறம் எப்படி ஓடும்? சுற்றும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் ஒரு சாட்டா எஸ்எஸ்டி, மொத்தம் 8 ஜிபி ரேம். உங்கள் வேலைக்கு அது போதும்.

வாங்கும்போது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி என்று கேட்டு வாங்குங்கள். வேகம் அதிகம் என்று என்விஎம்இ எனும் வேறு வகை எஸ்எஸ்டியைக் கொடுப்பார்கள். எச்81 போர்டுகள் பெரும்பாலும் அதிலிருந்து பூட் ஆகாது. போர்டில் இருக்கும் சாட்டா சாக்கெட்டுகளில் இரண்டு மட்டுமே 6 ஜிகாபிட், மற்றவை 3 ஜிகாபிட். எது எது என்று சாக்கெட் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். எஸ்எஸ்டியை 6 ஜிகாபிட்டில் செருகுங்கள்.

முதலில் டாலி டேட்டா ஃபோல்டரைப் பென் டிரைவில் எடுத்து, வேறொரு மெஷினில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் பேக்கப்பே இல்லை. பிறகு பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் சொந்த புரோகிராம்) டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடு ஏஎச்சிஐ என்று இருக்கிறதா பாருங்கள். பழைய மெஷின்கள் பலவற்றில் ஐடிஇ என்று விட்டிருப்பார்கள். புதிதாக விண்டோஸ் போடுவதானால் இப்போதே மாற்றிவிடலாம். பழைய டிஸ்க்கை அப்படியே க்ளோன் செய்வதானால் நேரடியாக மாற்றக் கூடாது, நீலத்திரை வரும். விண்டோஸை சேஃப் மோடில் ஏறும்படி வைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றிய பிறகு வழக்கமான பூட்டுக்குத் திருப்புங்கள்.

விண்டோஸ் போடும்போது பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்து அந்த டிஸ்க் போகும் நாளில், நல்ல எஸ்எஸ்டி இருந்தும் மெஷின் ஏறாது.

ரேம் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் சில 8 ஜிபி டிடிஆர்3 ரேம்கள் ஏஎம்டி போர்டில் மட்டுமே வேலை செய்யும். இன்டெலில் போட்டால் திரையே வராது. இன்டெல் போர்டில் ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். போர்டில் இரண்டு ஸ்லாட்தான், அதிகபட்சம் 16 ஜிபி. இருப்பதோடு இன்னொரு 4 ஜிபி சேர்த்தாலே போதும். எஸ்எஸ்டியைப் புதிதாக வாங்கலாம், நாளைக்கு வேறு மெஷினுக்குப் போகும். டிடிஆர்3 ரேம் இந்த மெஷினோடு சரி, அதற்குப் பழையதே போதும்.

இதற்குமேல் இந்த மெஷினில் பணம் போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். ஜிஎஸ்டியும் வங்கி வேலையும் இதே மெஷினில் என்றால் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பி450 போர்டு, ரைசன் 5 2600, 8 ஜிபி ரேம் ஒன்று, தனி கிராபிக்ஸ் கார்டு வைத்திருக்கிறேன். ரைசன் 5 5600 வாங்கிப் போட்டேன். விசிறி சுற்றுகிறது, திரை வரவில்லை. ப்ராசஸர் டெட்டா? பேசாமல் புது ஏஎம்5 சாக்கெட்டுக்கே போயிருக்கலாமோ?
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: டெட்டாக வாய்ப்பு குறைவு. போர்டு வெளியான காலத்தில் 5600 பிறக்கவே இல்லை. பயாஸுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. 2600-ஐத் திரும்பப் போட்டு பயாஸை அப்டேட் செய்யுங்கள். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 2600, 5600 இரண்டிலுமே உள் கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் எச்டிஎம்ஐயில் செருகினால் நாள் முழுக்கக் காத்திருந்தாலும் ஒன்றும் வராது.

கழற்றும் விதம் முக்கியம். ஏஎம்4 ப்ராசஸரின் அடியில்தான் பின்கள் இருக்கின்றன. சூடு கடத்த ப்ராசஸர் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்து கூலரோடு ஒட்டிக்கொண்டிருக்க, நேராக மேலே இழுத்தால், லீவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸர் சாக்கெட்டைவிட்டுப் பிய்த்துக்கொண்டு வரும். பின் வளைவது அப்படித்தான். பழைய ப்ராசஸரை எடுக்கும்போது மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, அசைந்த பிறகு தூக்குங்கள்.

பயாஸ் ஃபைலை போர்டு கம்பெனி தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். போர்டின் பெயரோடு ரிவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும். தளத்தில் அந்தப் பதிப்புக்குக் கீழே இருக்கும் குறிப்பைப் படியுங்கள்: சில போர்டுகள் நடுவில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டு வரச் சொல்லும். பென் டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, பயாஸுக்குள் இருக்கும் ஃப்ளாஷ் வசதி வழியாக ஏற்றுங்கள். யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் போர்டு கல்தான். கரண்ட் போகும் என்று வாரியம் அறிவித்திருக்கும் நாளில் உட்காராதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புது ப்ராசஸரில் முதல் தடவை ஆன் செய்யும்போது எஃப்டிபிஎம்மை (ப்ராசஸருக்குள் பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் பகுதி) ரீசெட் செய்யவா என்று திரை கேட்கலாம். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால், அதன் ரெகவரி கீயை முன்னதாகவே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்5 என்றால் போர்டு, டிடிஆர்5 ரேம், ப்ராசஸர் மூன்றையும் ஒரே மூச்சில் வாங்க வேண்டும். கையிலிருக்கும் போர்டுக்கு 5600 நல்ல தேர்வு, 65 வாட்தான். எட்டு கோர் தேவைப்பட்டால் 5700எக்ஸ், அதுவும் 65 வாட். 105 வாட் 5800எக்ஸ், சாதாரண பி450 போர்டின் பவர் பகுதியை நம் ஊர் மே மாதத்தில் வறுத்துவிடும். மிச்சப் பணத்தில் அதே மாதிரி இன்னொரு 8 ஜிபி வாங்கி, நான்கு ஸ்லாட் உள்ள போர்டானால் இரண்டையும் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். பயாஸில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாவிட்டால் 3200 ரேம் 2133-இலோ 2400-இலோதான் ஓடும். வாங்கி வருடக்கணக்கில் இதைச் செய்யாமலே வைத்திருப்பவர்கள் ஏராளம்.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறோம். ஐ5 12400எஃப் மெஷினில் ஆர்டிஎக்ஸ் 3060 போட்டோம். ரெண்டர் கொடுத்தால் பட்டென்று அணைந்துவிடுகிறது. அணையாத நேரத்திலும் டைம்லைன் இழுக்கிறது. மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி கேபினட்டோடு வந்த 450 வாட்.
– போட்டோ ஸ்டூடியோ, ஆரணி

பதில்: இரண்டும் வேறு வேறு நோய். அணைவதற்குக் காரணம் எஸ்எம்பிஎஸ். பெட்டியில் 450 என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டு, பக்கத்து லேபிளில் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்று இருந்தால் 12-ஆல் பெருக்குங்கள்: 216 வாட். கார்டு மட்டும் 170 வாட். ப்ராசஸர் முழு வேகத்தில் 117 வரை போகும். போர்டு, டிஸ்க், விசிறி எல்லாம் சேர்த்து 340 பக்கம் வருகிறது. அதோடு கார்டு கண நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டியும் இழுக்கும். 80 ப்ளஸ் முத்திரையுள்ள 550 வாட், 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்குக் குறையாதது வாங்குங்கள். கார்டின் 8 பின்னுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேரடி கேபிள் வர வேண்டும். பழைய நாலு பின் மோலெக்ஸிலிருந்து மாற்றும் அடாப்டர் போட்டிருந்தால் இன்றே கழற்றுங்கள். 150 வாட் வரை போகும் வழியில் அது உருகும். இன்னொன்று: கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழைய கேபிளை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள். பிளக் ஒன்றாக இருந்தாலும் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டிஸ்க்குகள் புகைந்துவிடும்.

டைம்லைன் இழுப்பதற்குக் கேமராவைப் பாருங்கள். இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் எச்.265, 4:2:2, 10 பிட் என்று வைத்து எடுக்கிறோம் அல்லவா? அந்த வகையை 3060 தன் ஹார்டுவேரில் பிரிக்காது. பாரம் முழுக்க ப்ராசஸர் தலையில் விழுகிறது. இன்டெலின் உள் கிராபிக்ஸ் அதைச் சுலபமாகப் பிரிக்கும். உங்கள் ப்ராசஸரின் பெயரில் இருக்கும் எஃப் என்ற எழுத்துக்கு உள் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய் ஸ்டூடியோவுக்கு மிகவும் வேண்டியதை விட்டுவிட்டீர்கள். அதே போர்டில் 12400 பொருந்தும். பழையதை விற்றுவிட்டு மாற்றலாம். அதுவரை ப்ராக்ஸி, அதாவது எளிதில் ஓடும் சிறிய நகல் ஃபைல் உருவாக்கி எடிட் செய்யுங்கள்.

கேள்வி: காலையில் நன்றாக ஓடும் கம்ப்யூட்டர் மதியம் இரண்டு மணிக்கு மேல் மெதுவாகி அணைகிறது. ஐ5 10400, கம்பெனி கூலர். பெரிய கூலர் வாங்கவா?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: வாங்கும் முன் ஒரு சோதனை. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மதியம் ஓட்டுங்கள். சூடு பத்து டிகிரி குறைந்தால் காற்றோட்டத்தில் குறை. குறையாவிட்டால் கூலர் சரியாக உட்காரவில்லை. அறைச் சூட்டுக்குக் கீழே எந்தக் காற்றுக் கூலரும் இறக்காது. கத்திரி வெயிலில் ஷீட் போட்ட அறை 40-ஐத் தொட்டால், காலையைவிட ஏறிய பத்து டிகிரியும் அப்படியே ப்ராசஸரில் வந்து சேரும்.

இன்டெல் கூலரின் நாலு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று பூட்டாமல் நிற்பதுதான் நாம் அதிகம் காணும் கோளாறு. போர்டின் பின்பக்கம் நாலு கருப்பு முனைகளும் முழுதாக வெளியே வந்து விரிந்திருக்க வேண்டும். பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுத் துவரம் பருப்பு அளவு நடுவில் வைத்தால் போதும், கூலரே அழுத்திப் பரப்பிக்கொள்ளும். தூசியைப் பிளோவரால் ஊதும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுற்ற விட்டால் பேரிங் போகும். கதவு போட்ட கம்ப்யூட்டர் டேபிளுக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்கள். சில வீடுகளில் அதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மின்விசிறி நிற்பதில்லை, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது.
– வாசகர், ஆம்பூர்

பதில்: இன்வெர்ட்டரில் யூபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். நார்மலில் இருந்தால் பேட்டரிக்கு மாறும் இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தாங்காது. அது பிடித்து நிற்பது சுமார் 16 மில்லி செகண்ட்தான். யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். அப்படியும் ரீஸ்டார்ட் ஆவது நிற்காவிட்டால் அது சதுர அலை இன்வெர்ட்டரா என்று பாருங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (மின் இழுப்பைச் சீராக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ்கள் பலவற்றுக்கு அது ஒத்துவராது. சைன் வேவ் வேண்டும்.

சுருக்கென்பதற்குக் காரணம் எர்த் இல்லாதது. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரில் கசியும் சிறு மின்சாரம் போக வழியின்றிக் கேபினட்டில் நிற்கிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து பிளக்கின் மூன்றாவது துளைக்கு ஒயர் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வந்திருந்தால் எர்த் குழியைப் பாருங்கள். கோடையில் குழி காய்ந்துவிடும், வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கேள்வி: ஐ3 6100 இருக்கும் போர்டில் ஐ5 9400 போடலாமா? இரண்டுமே 1151 சாக்கெட் என்கிறார்கள்.
– வாசகர், சோளிங்கர்

பதில்: உட்காரும், ஓடாது. எட்டு, ஒன்பதாம் தலைமுறைக்கு 300 வரிசை போர்டு வேண்டும். உங்கள் போர்டுக்கு உச்சம் ஏழாம் தலைமுறைதான், ஐ7 7700 போல. அதற்கும் பயாஸ் அப்டேட் தேவைப்படலாம்.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்கினால் லாபமா?
– வாசகர், ஆற்காடு

பதில்: மூன்று நான்கு பாகங்களைச் சேர்த்து வாங்கினால்தான் ரயில் செலவும் ஒரு நாளும் கட்டுப்படியாகும். ஒரு ரேமுக்கோ எஸ்எஸ்டிக்கோ வேலூரிலேயே வாங்குங்கள். கோளாறு என்றால் மறுநாளே போய் நிற்கலாம். எங்கு வாங்கினாலும் பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். இன்டெல் போர்டு என்றால் கடையிலேயே சாக்கெட் மூடியைத் திறந்து, பின்களைச் சாய்வாக வெளிச்சத்தில் பார்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பின் வளைந்த போர்டுக்கு வாரண்டி கிடையாது. வீட்டுக்கு வந்த பிறகு வளைத்தது யார் என்று நிரூபிக்கவும் முடியாது.