காத்தாடியில் பொருளாதார வாத்தியாருக்கு என்ன வேலை?

‘மின்சாரமும் சுற்றுச்சூழலும் இன்ஜினியர் சமாச்சாரம். பொருளாதாரப் பேராசிரியர் அதில் என்ன ஆராய்ச்சி செய்வார்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் நடத்துவதே இதைத்தான். எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான்!

ஆனி மாதம் காற்றாலைகளைப் பார்க்க மாணவர்களைப் பணகுடிக்குக் கூட்டிப் போவேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. போன முறை ஒரு பையன் கேட்டான்: “இவ்வளவு காத்துல அந்தக் குட்டைக் காத்தாடி மட்டும் ஏன் சார் சுத்தல?” பழைய 225 கிலோவாட் இயந்திரம் அது. கியர் போயிருக்கலாம். அதைச் சரிசெய்ய யாருக்கும் ஏன் அவசரமில்லை என்பதுதான் என் பாடம்.

அந்தக் காலத்தில் காற்றாலை விலையில் 80 சதவீதத்தை முதல் வருடமே தேய்மானம், அதாவது இயந்திரம் தேய்ந்ததற்கான செலவு, என்று லாபத்திலிருந்து கழிக்கலாம். நூற்பாலை முதலாளி 1 கோடிக்கு ஒன்று நட்டால், 80 லட்சம் லாபத்துக்கு அந்த வருடம் வரி இல்லை. றெக்கை எவ்வளவு சுற்றியது என்று வருமான வரிக்காரர் கேட்கமாட்டார். ஒரு நிபந்தனை உண்டு: அந்த நிதியாண்டில் 180 நாளாவது பயன்பாட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பாதிதான். ஆக, செப்டம்பர் கடைசிக்குள் நட்டால் போதும். நம்மூரில் காற்று சீசன் முடிவதும் அப்போதுதான். முழுச் சலுகை கைக்கு வந்துவிடும், காற்று அடுத்த வைகாசியில்தான் வரும்!

2009இல் மத்திய அரசு யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை அறிவித்தது. ஓடினால்தான் காசு. தேய்மானம் 2012இல் 15 சதவீதம் ஆகி, 2014இல் திரும்ப 80 ஆகி, 2017இல் 40 ஆனது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எத்தனை காத்தாடி முளைத்தது, எத்தனை யூனிட் வந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

வகுப்பில் பிகு என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1920இல் எழுதியதை, அதாவது ஊருக்கு வரும் கேட்டுக்கு அதை உண்டாக்குகிறவனே விலை கொடுக்க வேண்டும் என்பதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கிணற்று மோட்டாருக்கு இலவச கரண்ட் கொடுப்பதால் ஊர்த் தண்ணீர் வீணாவதும் அப்படி ஒரு கேடுதான் என்று ஆரம்பித்தால் போச்சு. ஆட்டோ ஸ்விட்ச் போட்டுவிட்டு அப்பா தூங்கிவிடுவார், ராத்திரி கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடி வரப்பு தாண்டித் தண்ணீர் போகும் என்று பாதிப் பேருக்குத் தெரியும். ஆனாலும், “எங்கப்பா பில் கட்டணுமா சார்?” என்று சண்டைக்கு வருவார்கள். நியாயம்தான்.

பஞ்சாபில் 2018இல் தொடங்கிய திட்டத்தைச் சொன்னேன்: மீட்டர் மாட்டி, மிச்சம் பிடித்த யூனிட்டுக்கு 4 ரூபாய் விவசாயிக்கே. பின்பெஞ்சிலிருந்து ஒருவன், “அப்போ எங்கப்பா வயலைத் தரிசாப் போட்டுட்டு மீட்டரைத்தான் பாத்துக்கிட்டு இருப்பார் சார்” என்றான். அடுத்த வகுப்பை அவனிடமே விட்டுவிட்டேன்.