உறையைப் பிரிக்காதீர்கள்: கனடா விண்ணப்பமும் படிப்புச் சான்றும்

கேள்வி: 2011-இல் பி.எஸ்ஸி. கணிதமும் 2014-இல் எம்.சி.ஏ.வும் முடித்தேன். மென்பொருள் சோதனைப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கணவர், மகளுடன் கனடா பி.ஆருக்கு (நிரந்தரக் குடியிருப்புக்கு) விண்ணப்பிக்க இருக்கிறோம். மூன்று ஆண்டு பி.எஸ்ஸி.யைக் கனடாவில் பட்டமாகவே மதிக்க மாட்டார்கள் என்று உடன் வேலை செய்பவர் சொன்னதிலிருந்து தூக்கமில்லை. சான்றிதழ்களில் அப்பா பெயரின் முதலெழுத்து, பாஸ்போர்ட்டிலோ கணவர் பெயர். இரண்டு மாதமாகப் படபடப்பு. மகள் மேல் எரிந்து விழுகிறேன். மருத்துவரிடம் போனால் அதுவே விசாவுக்குத் தடையாகுமோ என்றும் பயமாக இருக்கிறது.
– வாசகி, ஈரோடு

பதில்: முதலில் பட்டத்தைப் பற்றிய பயத்தைத் தீர்த்துவிடுவோம். மூன்று ஆண்டுப் பட்டத்தை நான்கு ஆண்டுப் பட்டத்துக்கு இணையாக ஏற்பதா என்ற கேள்வி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்குச் சேர்பவர்களுக்கு நெடுங்காலமாக இருந்துவருவது. அந்தப் பேச்சைத்தான் உங்கள் நண்பர் கனடாக் குடியேற்றத்தோடு சேர்த்துக் குழப்பியிருக்கிறார். விண்ணப்பதாரர்களைப் புள்ளி அடிப்படையில் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையின் புள்ளி அட்டவணையில் இளநிலைப் பட்டமும் மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட படிப்பும் ஒரே வரியில்தான் இருக்கின்றன. துணைவருடன் விண்ணப்பிக்கும் உங்களுக்கு அந்த வரிக்கு 112 புள்ளி. ஒன்றுக்கு மேற்பட்ட படிப்புகள் இருந்து, அவற்றில் ஒன்று மூன்று ஆண்டுக்குக் குறையாததாக இருந்தால் 119. எம்.சி.ஏ.வை, கீழே நான் விளக்கும் மதிப்பீட்டு அறிக்கை முதுநிலைப் பட்டம் என்றே குறிப்பிட்டால் 126. ஆகவே அறிக்கை எப்படி வந்தாலும், இரண்டு படிப்புகளையும் மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். முதுநிலைக்கு மட்டும் அனுப்பிவிட்டு, அதை அவர்கள் ஒரு படி குறைத்து மதிப்பிட்டால், கையில் இருக்கும் இளநிலைப் பட்டத்தைக் கணக்கில் காட்ட வழியில்லாமல் தவிப்பவர்கள் உண்டு.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. மேற்சொன்ன 119, 126 ஆகிய இரு நிலைகளுக்கும் ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் கனடாவின் மொழி அளவுகோலில் (சி.எல்.பி.) ஒன்பதாம் நிலை எட்டியிருந்தால், படிப்பும் மொழியும் சேர்ந்து கூடுதலாக 50 புள்ளி கிடைக்கும். ஒரு பிரிவு எட்டாம் நிலைக்கு இறங்கினாலும் அது 25 ஆகிவிடும். ஐ.இ.எல்.டி.எஸ். பொதுப் பயிற்சித் தேர்வில் ஒன்பதாம் நிலை என்பது கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7. பட்டம் பற்றிய உங்கள் பயத்தின் எடை, 126-க்கும் 119-க்கும் இடையிலுள்ள ஏழு புள்ளி. எழுத்துத் தேர்வில் அரை மதிப்பெண் குறைந்தால் போவது இருபத்தைந்துக்குக் குறையாது. இரவில் விழித்திருந்து பழைய பட்டத்தை நினைத்து வருந்தும் நேரத்தை ஒரு கட்டுரை எழுதிப் பார்ப்பதற்குக் கொடுங்கள் என்று மனதாரச் சொல்கிறேன்.

இனி மதிப்பீடு. இந்தியப் படிப்பு கனடாவில் எதற்கு இணை என்று சொல்லும் அறிக்கையைத்தான் இ.சி.ஏ. என்கிறோம். குடியேற்றத் துறை அங்கீகரித்த அமைப்பு தந்ததாகவும், விண்ணப்பம் சேரும் நாளில் ஐந்து ஆண்டுக்கு உட்பட்டதாகவும் அது இருக்க வேண்டும். வெஸ் என்று நம்மவர்கள் சுருக்கிச் சொல்லும் வேர்ல்ட் எஜுகேஷன் சர்வீசஸ் அவற்றில் ஒன்று. டொராண்டோ பல்கலைக்கழகம், ஆல்பெர்ட்டா மாகாண அரசு ஆகியவற்றின் மதிப்பீட்டுப் பிரிவுகளும் உண்டு. மொழித் தேர்வு முடிவு இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதாலும், பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் விவரம் வாங்குவது பிறர் கையில் இருக்கும் வேலை என்பதாலும், இ.சி.ஏ.வை முதலில் தொடங்குவது நல்லது.

இந்த இடத்தில் என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் தம்பிக்காகப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய மதிப்பெண் விவர உறை வீட்டுக்கு வந்தது. பழுப்பு நிற உறை. ஒட்டிய வாயின் மேல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் வட்ட முத்திரை பாதி மடிப்பிலும் பாதி உறையிலுமாக விழுந்திருந்தது, அதன் குறுக்கே பச்சை மையில் கையெழுத்து. எல்லாம் சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று அப்பா அக்கறையோடு கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டிவிட்டார். வெட்டிய நொடியில் அந்தக் காகிதங்களுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. மறுபடி கட்டணம் கட்டி, மறுபடி வரிசையில் நின்றோம். மூடிய உறையை அப்படியே அனுப்புங்கள். மதிப்பீட்டு அமைப்பு தந்த குறிப்பு எண்ணை உறையின் முகப்பில் தெளிவாக எழுதச் செய்யுங்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பல்கலைக்கழகம் நேரடியாக மின்வழி அனுப்புமானால் அதைவிட நிம்மதி வேறில்லை.

பெயர் விஷயம் நம் ஊரில் பெரும்பாலான பெண்களுக்கு இருப்பதுதான். பள்ளியில் ஓரெழுத்தாக இருந்த அப்பா, முதல் பாஸ்போர்ட்டில் முழுப் பெயராக விரிகிறார். கல்யாணத்துக்குப் பின் அந்த இடத்தில் கணவர் பெயர் வந்து உட்காருகிறது. இதற்காகப் பழைய சான்றிதழ்களைத் திருத்தக் கிளம்பாதீர்கள். திருமணப் பதிவுச் சான்றையும், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத் தாளில் எழுதி நோட்டரி சான்றளித்த உறுதிமொழியையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டு அமைப்பில் கணக்குத் தொடங்கும்போதே சான்றிதழில் உள்ள பெயரையும் தெரிவித்துவிடுங்கள். பின்னால் அவர்கள் கேட்டு நீங்கள் விளக்கம் எழுதும் நிலை வர வேண்டாம்.

கடைசியாகப் படபடப்பு. தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். கனடாவின் மருத்துவப் பரிசோதனை பார்ப்பது மூன்று விஷயங்களை: பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து உண்டா, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து உண்டா, அந்நாட்டு மருத்துவச் சேவைக்கு அளவுமீறிய சுமை விழுமா என்பவை. பதற்றத்துக்காக ஆலோசனை பெற்றதோ மருந்து எடுத்துக்கொண்டதோ மட்டும் நிராகரிப்புக்குக் காரணமாகிவிடாது. பரிசோதனையில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், மறைக்கத்தான் கூடாது. வெளியே போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள். விண்ணப்ப வேலையைக் கணவரோடு பிரித்துக்கொள்ளுங்கள். ஆவணங்களைத் திரட்டுவதும் அலுவலகங்களுக்கு அலைவதும் அவர் பொறுப்பாகட்டும், படிவமும் தேர்வும் உங்களுடையதாகட்டும். மகளின் அடுத்த ஆண்டுப் பள்ளிக் கட்டணத்தைத் தயங்காமல் கட்டுங்கள். விசா வரும் வரை எதையும் தொடங்காமல் வாழ்க்கையை நிறுத்திவைத்திருக்கும் வீடுகளில்தான் இந்த அழுத்தம் அதிகமாகக் கனக்கிறது என்பதை உங்களைப் போன்றவர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கேள்வி: பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளமா படித்து எலக்ட்ரீஷியனாக வேலை செய்கிறேன். திருமணமாகவில்லை. ஒரு பட்டச் சான்றிதழுக்கு ஏற்பாடு செய்துவிடலாம், மதிப்பீட்டிலும் கண்டுபிடிக்க முடியாது என்கிறார் ஏஜென்ட். என்ன செய்ய?
– வாசகர், திருச்சி

பதில்: அவரிடம் கொடுத்த நகல்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மதிப்பீட்டு அமைப்புகள் சான்றுகளை உரிய பல்கலைக்கழகத்திடமே சரிபார்க்கும். பொய் வெளிப்பட்டால் கனடாவின் குடியேற்றச் சட்டம் 40-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகளுக்கு நீங்கள் விண்ணப்பிக்கவே முடியாது. ஏஜென்ட் செய்தார், எனக்குத் தெரியாது என்று சொல்வது உங்களைக் காப்பாற்றாது; படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. தனியாக விண்ணப்பிப்பவருக்குப் பள்ளிக்கு மேல் ஓராண்டுப் படிப்புக்கு 90 புள்ளி, ஈராண்டுக்கு 98, இளநிலைப் பட்டத்துக்கு 120 என்பது கணக்கு. உங்கள் டிப்ளமாவை உள்ளபடியே மதிப்பீட்டுக்கு அனுப்பி, எந்த வரியில் வருகிறது என்று பாருங்கள்.

உங்கள் தொழிலுக்குத் தனி வழியும் ஒன்று உண்டு. எலக்ட்ரீஷியன் போன்ற கைத்தொழில் திறனுள்ளவர்களுக்கான கனடா மத்திய அரசின் திட்டத்தில் (ஃபெடரல் ஸ்கில்டு டிரேட்ஸ்) படிப்பு ஒரு கட்டாய நிபந்தனையே இல்லை. ஐந்து ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு முழுநேர அனுபவமும், பேசுவதிலும் கேட்பதிலும் ஐந்தாம் நிலை, படிப்பதிலும் எழுதுவதிலும் நான்காம் நிலை ஆங்கிலமும் போதும். ஆனால் கனடா நிறுவனத்தின் வேலை உறுதியோ, அங்குள்ள மாகாணம் தரும் தொழில் தகுதிச் சான்றோ வேண்டும். அதுதான் கடினமான பகுதி, அதை மறைக்க விரும்பவில்லை. யாரையாவது அமர்த்தியே ஆக வேண்டும் என்றால், கனடாவின் குடியேற்ற, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: பி.ஃபார்ம். முடித்து மருந்தாளராக இருக்கிறேன். வெஸ் அறிக்கை வாங்கிவிட்டேன். போதுமா?
– வாசகி, மதுரை

பதில்: மருந்தாளர் என்பதையே முதன்மைத் தொழிலாகக் காட்டுவதானால் போதாது. உங்களுக்கான மதிப்பீட்டைக் கனடாவின் மருந்தியல் தேர்வு வாரியம் தர வேண்டும். மருத்துவர்களுக்கு அந்நாட்டு மருத்துவ மன்றம் தருவதைப் போல. அங்கே போய் வேலை செய்வதற்கான உரிமம் இதிலும் வேறானது, அதற்குத் தனித் தேர்வுகள் உண்டு.

கேள்வி: மகன் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பதிந்து எட்டு மாதமாகிறது. சென்னையில் இருக்கிறான். தினமும் போனில் கேட்கிறேன். இப்போதெல்லாம் என் அழைப்பையே எடுப்பதில்லை. நான் கேட்பது தவறா?
– ஒரு தந்தை, நாகர்கோவில்

பதில்: ஐயா, உங்கள் அக்கறை தவறில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. இது வரிசையில் நின்று தன் முறை வந்ததும் உள்ளே போகும் ஏற்பாடு அன்று. பதிந்தவர்கள் எல்லாரும் ஒரே குளத்தில் இருப்பார்கள். அவ்வப்போது குலுக்கல் என்று பேச்சுவழக்கில் சொல்லும் சுற்று நடந்து, புள்ளி மிகுந்தவர்களுக்கு அழைப்பு போகும். 2023 முதல் மருத்துவம், கட்டடத் தொழில், பிரெஞ்சு மொழி என்று துறைவாரியாகவும் அழைக்கிறார்கள். ஆகவே போன சுற்றின் புள்ளியைக் கொண்டு அடுத்ததைக் கணிக்க முடியாது. பதிவு பன்னிரண்டு மாதம் செல்லும். அதற்குள் அழைப்பு வராவிட்டால் தகுதி இருக்கும் வரை மறுபடி பதியலாம். அழைப்பு வந்தால் முழு விண்ணப்பத்தை 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். உங்கள் உதவி அவருக்குத் தேவைப்படப்போவது அப்போதுதான்.

அதுவரை உறவினர்கள் கேட்டால் நீங்களே பதில் சொல்லி அவருக்கு அந்தப் பாரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று இரவு அழைக்க வேண்டாம்; ஒரு குரல் செய்தி மட்டும் அனுப்புங்கள். அதில் விசாவைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். தோப்பில் இந்த முறை எத்தனை தேங்காய் விழுந்தது, அம்மா என்ன குழம்பு வைத்தார் என்று மட்டும் சொல்லுங்கள்.