ரயில் சத்தம் கேட்டதும் விலகிவிட முடியாதா?

சத்தம் கேட்டதும் விலகிக்கொண்டால் போதுமே, தண்டவாளத்தில் நடப்பதில் என்ன ஆபத்து என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சத்தத்தை நம்புவதுதான் ஆபத்தே.

ரயிலின் இரைச்சல் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் பரவும். நேர் எதிரே இருப்பவருக்குக் குறைவாகவே கேட்கும். மின்சார ரயில் என்றால் இன்னும் அமைதி. காதில் இயர்போன் இருந்தால் ஹாரன்கூட விழாமல் போகலாம். கண்ணையும் நம்ப முடியாது. அவ்வளவு பெரிய பொருள் நேராக நம்மை நோக்கி வரும்போது மெதுவாக வருவதுபோலத் தோன்றும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குச் சுமார் 28 மீட்டர். ‘தூரத்தில்தானே வருகிறது’ என்று செல்ஃபிக்கு நின்று சிரிக்கும் 5 நொடியில் 140 மீட்டர் நெருங்கிவிடும்.

சரி, ஓட்டுநர் பிரேக் போடமாட்டாரா? போடுவார். ஆனால் இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் உருள்வதால் பிடிப்பு குறைவு. எடையோ பல நூறு டன். அந்த வேகத்தில் வரும் நீளமான ரயில் நிற்க ஒரு கிலோமீட்டர்கூட ஆகலாம். ஒதுக்கி ஓட்டவும் வழியில்லை. பிரேக்கை இழுத்துவிட்டு, வேறெதுவும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டே வரும் அந்த மனிதரையும் நினைத்துப் பாருங்கள்.

இரட்டைப் பாதையில் ஒரு ரயில் போனதும் குறுக்கே ஓடுவது இன்னும் மோசம். எதிர்த்திசையில் வரும் இன்னொன்றை அது மறைத்திருக்கும்.

அப்புறம், நிற்கும் பெட்டிதானே என்று மேலே ஏறுவது. பல பாதைகளில் மேலே ஓடுவது 25,000 வோல்ட் கம்பி. தொடவே வேண்டாம், நெருங்கினாலே மின்சாரம் உடம்பில் பாய்ந்துவிடும்.